24 தொண்டையில் ஒரு ‘நான்’: வாரணமாயிரத்தை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய அனுபவம்

இரண்டாவது ஒத்திகை. 24 குரல்களும் 15 தந்தி வாத்தியங்களும் சேர்ந்து ஆண்டாளின் வாரணமாயிரத்தில் முதல் பாசுரத்தின் கடைசி அடிக்கு வந்தார்கள். ‘தோரணம் நாட்டக் கனாக்கண்டேன் தோழீ நான்’. அந்த ‘நான்’ மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில், விழும்படி எழுதியிருந்தேன். ஹார்ன் இரண்டும் முழங்க, டிம்பனி என்ற பெருமுரசு உருள, சோப்ரானோக்கள் (உயர்ந்த பெண்குரல்கள்) உச்சத்தில் நின்றார்கள். அறை அதிர்ந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உச்சரிப்புத் திருத்த வந்திருந்த மாமி ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். சின்ன வயதிலிருந்து ஆழ்வார்களின் பிரபந்தம் சேவிப்பவர், அதாவது ஓதுபவர். பாட்டு முடிந்ததும் கேட்டார்: “ஏண்டாப்பா, கல்யாணம் யாருக்கு? இத்தனை பேருக்குமா?”

நாங்கள் செய்த வேலையின் கதை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். பக்திக் காதலைக் குழுக்குரலுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுத நினைக்கும் அடுத்த ஆளுக்கு இது உதவலாம் என்றுதான், சறுக்கிய இடங்களை மறைக்காமல் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ‘வாரணமாயிரம்’ என்று தொடங்கும் ஆறாம் திருமொழி. 14 திருமொழிகள், 143 பாசுரங்கள் கொண்ட நூலில் இந்த 11 பாசுரங்கள்தான் வீடுகளுக்குள் அதிகம் புழங்குபவை. வைணவக் கல்யாணங்களில் இன்றும் சேவிக்கிறார்கள். ஆண்டாள் தன் கல்யாணக் கனவைத் தோழிக்குச் சொல்கிறாள். யானைகள் சூழ மாப்பிள்ளை வருகிறான். பெண் கேட்கிறார்கள், காப்புக் கட்டுகிறார்கள், கைப்பிடிக்கிறார்கள், தீவலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறாள், பொரி தட்டுகிறார்கள், யானைமேல் ஊர்வலம். 10 பாசுரம் வரை ஒவ்வொன்றும் ‘கனாக்கண்டேன் தோழீ நான்’ என்றே முடிகிறது.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவனுக்கு இது லட்டு மாதிரி. ஆயிரம் யானை, பூரண கும்பம், மத்தளம், சங்கு, வேத கோஷம், ‘எங்கும் அதிரப் புகுத’. சத்தம் எங்கே வேண்டும் என்று கவிஞரே குறித்துக் கொடுத்தது போல இருக்கும். முதல் வடிவத்தில் நான் அந்த வலையில்தான் விழுந்தேன்.

சத்தம் அவ்வளவும் கனவுக்குள் நடப்பது. பாட்டு நடக்கும் நேரத்தில் யானையும் இல்லை, பந்தலும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். தோழி ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்வதில்லை. நான் கனவை எழுதிவிட்டு, கனவு கண்டவளை விட்டுவிட்டேன்.

முன்னோர் சிலர் இந்த இடத்தை எப்படிக் கடந்தார்கள் என்று பார்த்தோம். இங்கிலாந்தின் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் கற்று இந்தியக் கதைகளை இசையாக்கியவர். ‘சீதா’ என்று பெரிய ஓபரா (இசை நாடகம்) ஒன்றைப் பல வருடம் உழைத்து எழுதினார். ஜெர்மன் ஓபராக்காரர் வாக்னரின் பாணியில் எல்லாம் பெரிது பெரிதாக. பின்னாளில் அவரே அதைக் கிண்டல் செய்திருக்கிறார். அடுத்து, 1908-ல் ‘சாவித்ரி’ எழுதினார். மூன்றே பாத்திரங்கள், ஏறக்குறைய ஒரு டஜன் வாத்தியக்காரர்கள், வார்த்தையே இல்லாமல் பாடும் பெண்கள் குழு. தொடக்கத்தில் எமனும் சாவித்ரியும் வாத்தியத் துணை இல்லாமல் பாடுகிறார்கள். மேடை ஏறியது 1916-ல். புருஷனுக்காக எமனோடு பேசும் ஒருத்திக்கு எவ்வளவு சத்தம் தேவை என்பதை அவர் ‘சீதா’வில் பட்டுத் தெரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்து உதாரணம் எல்லாருக்கும் தெரியும். 2005-ல் வந்த இளையராஜாவின் திருவாசகம், புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு. அதற்குச் சிம்பொனி என்று பேர் சொல்லலாமா, ஆரட்டோரியோ (நடிப்பில்லாமல் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் பாடும் சமய இசை) என்பதுதான் சரியா என்ற சண்டை அப்போதே நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது பாடல் தேர்வு. ‘பொல்லா வினையேன்’ தனி ஆளின் வாக்குமூலம். ‘முத்துநற் றாமம்’ பெண்கள் கூடிச் சுண்ணம் இடிக்கும் பாட்டு, ‘பொற்சுண்ணம் இடித்தும் நாமே’ என்று பன்மையில் முடியும். ‘புற்றில்வாள் அரவும் அஞ்சேன்’ பாட்டில் ‘அஞ்சேன்’ என்று ஒருமையில் தொடங்கி ‘அம்மநாம் அஞ்சு மாறே’ என்று பன்மையில் முடிகிறது. யார் பாட வேண்டும் என்பதை மாணிக்கவாசகர் வினைமுற்றிலேயே எழுதி வைத்திருக்கிறார். இதைப் பார்த்த பிறகுதான் மாமியின் கேள்விக்கு வழி தெரிந்தது. இலக்கணத்தை வைத்துக் குரலைப் பிரிக்கலாம்.

ஸ்கோரை (எழுதிய இசைப் பிரதியை) ஓரமாக வைத்துவிட்டுப் பாசுரங்களை ஒரு தாளில் எழுதி, ‘என்’, ‘என்னை’, ‘நான்’ வரும் இடங்களில் மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். முதல் இரண்டு பாசுரங்களில் கடைசி ‘நான்’ தவிர வேறு வட்டம் இல்லை. மூன்றாவதில் ‘என்னை மகட்பேசி’. நான்காவதில் ‘என்றன்னைக் காப்புநாண் கட்ட’. ஐந்தில் இல்லை. ஆறில் ‘என்னைக் கைத்தலம் பற்ற’. ஏழில் ‘என் கைப்பற்றி’. எட்டில் திடீரென்று ‘நம்மையுடையவன்’. ஒன்பதில் மறுபடி ‘என்னைமுன்னே நிறுத்தி’, ‘என்கைவைத்து’. பத்தில் ‘அவனோடும் உடன்சென்று’. அங்கே ‘என்’ இல்லை. பதினொன்றில் ‘நான்’ கூட இல்லை. ‘வில்லிபுத்தூர்க்கோன் கோதை சொல்’ என்று தன் பெயரையே படர்க்கையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

அந்தத் தாள்தான் புது ஸ்கோரின் வரைபடம். காட்சியைச் சொல்லும் பகுதி, அதாவது ‘சூழ’, ‘வைத்து’, ‘நாட்ட’ என்று எச்சமாக ஓடிக்கொண்டே போகும் பகுதி, குழுவுக்கு. வட்டம் போட்ட இடங்கள் தனிக்குரலுக்கு. எட்டாம் பாசுரத்தின் ‘நம்மையுடையவன் நாராயணன் நம்பி’ மட்டும் 25 பேரும் சேர்ந்து.

குழுவில் ஒருவர் எதிர்வாதம் வைத்தார். எல்லா ஜீவனும் பெருமாளுக்கு நாயகிதானே, 24 பேர் ‘நான்’ என்று பாடினால் தத்துவப்படி என்ன தப்பு? நல்ல கேள்வி. மாமியும் “அதுவும் சரிதான்” என்று தலையாட்டினார். ஆனால் கேட்கிற காதுக்குத் தத்துவம் தெரியாது. 24 பேர் சேர்ந்து சொன்னால் அது கோஷம். ஒருத்தி சொன்னால்தான் ரகசியம்.

சரி, பாட்டைக் கைமாற்றுவது எங்கே? ‘தோரணம் நாட்ட’ வரை குழு, ‘கனாக்கண்டேன்’ தனிக்குரல் என்று முதலில் வெட்டினோம். தையல் தெரிந்தது. பிறகு அந்தச் சொல்லிலேயே ஒரு இடுக்கு இருப்பது கண்ணில் பட்டது. ‘கனாக் கண்டேன்’. நடுவில் வல்லொற்று மிகுந்திருக்கிறது. அந்த ‘க்’கில் வாய் மூடிக்கொள்கிறது, ஒரு நொடிப் பொழுது சத்தமே கிடையாது. குழு ‘கனாக்’ என்று பாடி ஒற்றில் நிற்கட்டும், ஆர்க்கெஸ்ட்ராவும் வில்லைத் தூக்கிவிடட்டும், அந்த அடைப்பை ‘கண்டேன்’ என்று தனிக்குரல் திறக்கட்டும். கனவைக் குழு பாடும். கண்டதை அவள் சொல்வாள். இந்த ஒரு மெய்யெழுத்தை 24 பேரும் ஒரே சமயத்தில் மூட மூன்று ஒத்திகை பிடித்தது.

மூன்று ஒத்திகைக்குக் காரணம் உண்டு. எங்கள் பாடகர்களில் பெரும்பாலானவர்கள் சர்ச் கொயரில் பழகியவர்கள். நான்கு குரலில் பிரித்துப் பாடுவதும் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்தவுடன் படிப்பதும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தப் பயிற்சி உயிரெழுத்தை நீட்டச் சொல்லும்; மெய்யைக் கடைசி நொடியில் தொட்டுவிட்டுப் போகச் சொல்லும். தமிழில் அது ஆபத்து. முதல் வடிவத்தில் ‘கனா’வின் ‘க’வை இரண்டு பீட் நீட்டி நானே எழுதித் தொலைத்திருந்தேன். குழு பாடியபோது ‘கானாக் கண்டேன் தோழீ’ என்று கேட்டது. வயலின் வரிசையில் ஒருவர், “ஆண்டாள் எந்த ஏரியா சார்?” என்றார். ஒத்திகை பத்து நிமிஷம் நின்றது.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். குறிலுக்கு ஒரு அளவு, நெடிலுக்கு அதைப்போல் இரண்டு பங்காவது. மெட்டு என்ன கேட்டாலும் இந்த விகிதம் தலைகீழாகக் கூடாது. ‘தோழீ’யின் ழகரத்துக்குத் தனியாக அரை மணி நேரம். ‘தோளீ’ என்று ஒருவர் பாடினால்கூட, அவள் யாருடைய தோளைக் கூப்பிடுகிறாள் என்று மாமி கேட்டுவிடுவார்.

சுருதிக்கு வருகிறேன். தனிக்குரல் பாடியவர் கர்நாடக சங்கீதக்காரர். அவருடைய சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். வயலினின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. வயோலாவிலும் செல்லோவிலும் சி, ஜி, டி, ஏ. ஜி ஷார்ப்பில் ஷட்ஜமும் பஞ்சமமும் (‘ஸ’வும் ‘ப’வும்) ஒரு திறந்த தந்தியில்கூடக் கிடைக்காது. விரலை அழுத்தியே எல்லாம் வாசிக்க வேண்டும்; அப்போது தம்புரா மாதிரியான அந்த விரிவு வரவே வராது. “அம்மா, அரைக் கட்டை இறங்கி வாங்க” என்று கேட்டேன். முகம் சுளித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ஐந்து கட்டைக்கு வந்ததும் வயோலாக்களும் செல்லோக்களும் திறந்த ஜி, டி தந்திகளை மெதுவாக இழுத்தார்கள். அடுத்த நிமிஷம் அவரே, “இது நல்லா இருக்கே, தம்புராவை ஆஃப் பண்ணிடுங்க” என்றார். இந்த வேலையில் முதல் தடவையிலேயே சரியாக வந்தது இது ஒன்றுதான்.

கூடவே இன்னொரு கணக்கும் தப்பியிருந்தது. கர்நாடக சங்கீதம் பாடும் பெண்ணின் ஆதார ஷட்ஜம், ஐந்து கட்டையில், பியானோவின் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி. அவர் புழங்கும் இடம் கொயரில் ஆல்ட்டோக்களின், அதாவது தாழ்ந்த பெண்குரல்களின், இடம். அதற்கு மேலே சோப்ரானோக்களைப் பறக்கவிட்டால், அவர் எவ்வளவு உருகிப் பாடினாலும் குடைக்குள் நின்று பாடுவது மாதிரிதான் இருக்கும். புது வடிவத்தில் அவர் தனியாகப் பாடும்போது சோப்ரானோக்களுக்கு முழு ஓய்வு. ஆண்குரல்கள் மட்டும் வாய் மூடி ஷட்ஜம் பிடிப்பார்கள்.

ராகம்தான் பெரிய தலைவலி. கல்யாணப் பாட்டு என்றதும் ஆனந்தபைரவி மனசில் வந்தது. அதற்குக் கார்ட்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வர அடுக்குகள், போட்டேன். ஆனந்தபைரவியின் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) ஒரு இடத்தில் நிற்காது. அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். கார்டு என்பது அதே காந்தாரத்தைப் பி ஃப்ளாட் என்று ஆணி அடிப்பது. பாடகி அசைக்கிறார், வயலின்கள் ஆணி அடிக்கின்றன. இரண்டும் உரசி, சுருதி சேராத மாதிரி ஒரு கசப்பு. கமகம் என்ற அந்த அசைவைச் சின்னச் சின்ன ஸ்வரங்களாக எழுதி வயலின்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன். எழுதியதைத் துல்லியமாக வாசித்தார்கள். பொம்மலாட்டம் மாதிரி இருந்தது.

கடைசியில் ராகத்தையும் குரலைப் பிரித்த அதே கோட்டில் பிரித்தோம். குழு பாடும் கனவுப் பகுதி மோகனம். ஐந்து ஸ்வரம், பெரிய அசைவு வேண்டியதில்லை, நான்கு குரலில் அடுக்கினாலும் அழகு கெடாது. ‘கண்டேன் தோழீ நான்’ வரும்போது ஆனந்தபைரவி. ஷட்ஜம் அதேதான், ரிஷபமும் பஞ்சமமும் தைவதமும் பொது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குகிறது, மத்யமமும் நிஷாதமும் உள்ளே வருகின்றன. அங்கே கார்டு கிடையாது. திறந்த தந்தி, ஒரே ஒரு வயலின், அந்தக் குரல். காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கும் அந்த இடத்தில் அவள் கண் விழித்துவிட்டாள் என்று கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது என்றுதான் சொன்னார்கள். தெரியாதவர்கள் என்னிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள், அதுவும் உண்டு.

தாளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வாரண மாயிரம் சூழவ லஞ்செய்து’ என்ற நடையை ஆறு-எட்டு என்ற மேற்கத்தியத் தாளத்தில் எழுதினால் குதிரை வண்டி ஓடும். யானை ஓடக் கூடாது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவில், ‘வா’வுக்கு மூன்றும் ‘ரண’வுக்கு நான்குமாகப் பிரித்ததும் அசைந்து நடக்க ஆரம்பித்தது.

ஆறாம் பாசுரத்தில் இரண்டு பாடம் கற்றேன். ‘மத்தளம் கொட்ட வரிசங்கம் நின்றூத’ என்று இருக்கிறதே என்று, கைத்தலம் பற்றும் இடத்தில் எல்லா வாத்தியத்தையும் சேர்த்து ஒரு கெட்டிமேளம் எழுதியிருந்தேன். மாமி பாசுரத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். காப்பு இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, அம்மி இருக்கிறது, பொரி இருக்கிறது. தாலி எங்கே? இந்த 11 பாசுரத்திலும் தாலி கட்டுவது பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. கெட்டிமேளம் தாலிக்கு உரியது. நான் பார்த்த கல்யாணங்களை ஆண்டாளின் கல்யாணத்தில் திணித்திருக்கிறேன். 16 பார் இசையை அடித்தேன். அங்கே இப்போது மிருதங்கம் மட்டும். ‘என்னை’ வந்ததும் அதுவும் நின்றுவிடும்.

இரண்டாவது, சங்கு. நிஜச் சங்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சங்குக்கு அதற்கென்று ஒரு சுருதி உண்டு. ஆணியைத் திருகி ஏற்ற இறக்க முடியாது. எங்களுக்குக் கிடைத்தது ஜி-க்குக் கொஞ்சம் மேலே நின்று எல்லாரையும் வம்புக்கு இழுத்தது. தந்தி வாத்தியங்கள் நிற்கும் இரண்டு பாரில் மட்டும், அரங்கின் கதவுக்கு வெளியே நின்று ஊதச் செய்தோம். தூரத்துக் கல்யாண வீடு மாதிரி கேட்டது. திட்டமிட்டுச் செய்த எதையும்விட நன்றாக.

யானைகளையும் சொல்ல வேண்டும். முதல் பாசுரத்தில் ஆயிரம். ஏழாவதில் ‘காய்சின மாகளிறு அன்னான்’, அவனே யானை. பத்தாவதில் இருவரும் ஒரு யானைமேல். ஆயிரம் ஒன்றாகிறது. ஹார்னும் செல்லோவும் டபுள் பாஸும் சேர்ந்து நடந்த அந்தக் கனத்த நடை ஏழில் ஹார்னும் பாஸுமாக மெலிந்து, பத்தில் ஒற்றை டபுள் பாஸாக வரும்படி எழுதினேன். இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பரவாயில்லை.

நீளம் கருதி நான்கு பாசுரம் போதும் என்பதுதான் ஆரம்பத் திட்டம். அது முடியாமல் போனதற்குக் காரணம் பதினோராம் பாசுரம். ‘தூயதமிழ்மாலை ஈரைந்தும் வல்லவர்’ என்கிறாள். பத்தையும் சொல்ல வல்லவர்கள் என்று பொருள். நான்கைப் பாடிவிட்டு ‘ஈரைந்தும்’ என்று பாடினால் அது பொய். பத்தையும் ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. வழி மாமியிடமிருந்தே வந்தது: “மத்ததைக் கோஷ்டியா சேவிச்சுடுங்கோ.” பிரபந்தத்துக்கு ஏற்கனவே ஒரு குழுக்குரல் மரபு இருக்கிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் பிடித்துக்கொள்ளும் கோஷ்டி. கோயிலில் தினமும் நடப்பது. மேற்கிலிருந்து கொயரைக் கொண்டுவந்து நாலு மாசம் மல்லுக்கட்டிய எனக்கு அது தோன்றவே இல்லை. 2, 3, 4, 5, 9 ஆகியவற்றைக் கோஷ்டியாக, வாத்தியம் இல்லாமல், நேராகச் சேவித்தோம். 1, 6, 7, 8, 10, 11 ஆர்க்கெஸ்ட்ராவோடு. கோஷ்டிப் பாசுரங்களிலும் கடைசி ‘கண்டேன் தோழீ நான்’ தனிக்குரல் பாடியவருடையதுதான். மொத்தம் 22 நிமிஷம்.

சரியாக வராததும் உண்டு. ஏழாம் பாசுரத்தில் வேத கோஷத்துக்காக ஆண்குரல்களைத் தாழ்ந்த ஸ்தாயியில் முணுமுணுக்க வைத்தது அரங்கில் வெறும் இரைச்சலாகவே கேட்டது. மூன்றாம் பாசுரத்தின் நடுவில் வரும் ‘என்னை’யைத் தனிக்குரலுக்குப் பிரித்துக் கொடுத்தோம், கோஷ்டியின் ஓட்டம் அங்கே தடுக்கியது. மறுபடி செய்தால் இரண்டையும் மாற்றுவேன்.

கடைசிப் பாசுரத்தில் ‘நான்’ இல்லாததால் தனிக்குரலுக்கு நான் எதுவும் எழுதவில்லை. ஒத்திகையில் அவர், “அப்போ நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டார். உட்காருங்கள் என்றேன். நிகழ்ச்சி அன்று அவர் உட்காரவில்லை. பத்தாம் பாசுரம் முடிந்ததும் மைக்கை விட்டு நகர்ந்து, மெதுவாக நடந்து போய் ஆல்ட்டோக்களின் வரிசையில் ஓரமாக நின்றுகொண்டார். கோதை சொன்ன தமிழ்மாலையை அவர்களோடு சேர்ந்து பாடினார். ஒலிப்பதிவைப் பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறேன். ‘பெற்று மகிழ்வரே’யில் அவருடைய குரல் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பின்வரிசை வயலின் ஒன்று அரை பீட் முன்னால் நுழைந்தது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.